பைபாஸ் அறுவை சிகிச்சையும் மூளையின் பாதுகாப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் இருதய அறுவைக் கூடத்தில் பெர்ஃபியூஷனிஸ்டாக, அதாவது அறுவையின்போது இருதயத்துக்கும் நுரையீரலுக்கும் பதிலாக வேலை செய்யும் இருதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அறுவைக்கு முந்தைய நாள் மாலை வார்டுக்குப் போய், நோயாளியின் உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு, மறுநாள் இயந்திரம் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இரத்தம் தள்ள வேண்டும் என்று கணக்கிட்டு வைப்பது எங்கள் வழக்கம். தமிழ் பேசுகிற ஆள் என்று தெரிந்ததும், பட்டர்வொர்த்திலிருந்தும் சுங்கைப்பட்டாணியிலிருந்தும் வந்திருக்கும் குடும்பத்தார் கட்டிலைச் சுற்றி நின்று கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் அவ்வளவாக மாறியதில்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதமாகவே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"நெஞ்சுல பண்ற ஆபரேஷன்தானே, இதுல மூளைக்கு என்ன வந்துச்சு?"

இருதயத்திலிருந்து புறப்படும் இரத்தம் முழுவதும் பெருந்தமனி என்னும் ஒரே குழாய் வழியாகத்தான் உடலுக்குச் செல்கிறது. அது மேலே எழுந்து, வளைந்து, பிறகு கீழே இறங்குகிறது. அந்த வளைவின் முதுகிலிருந்து பிரியும் மூன்று கிளைகள்தாம் கைகளுக்கும் மூளைக்கும் இரத்தத்தைக் கொண்டுபோகின்றன. பைபாஸ் என்பது அடைபட்ட இருதயத் தமனியைச் சுற்றி, வேறிடத்திலிருந்து எடுத்த இரத்தக் குழாயால் மாற்றுப் பாதை போடுவது. அதைச் செய்யும் மருத்துவர் இயந்திரத்தின் குழாயைச் செருகுவதும், இரத்த ஓட்டத்தை நிறுத்த இடுக்கி போடுவதும், காலிலிருந்து எடுத்த சிரையின் ஒரு முனையைத் தைப்பதும் அந்த வளைவுக்குச் சில சென்டிமீட்டர் முன்னால்தான்.

மூளைக்குப் போகும் பாதையின் வாசலில் வேலை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சுவரிலிருந்து ஏதாவது பெயர்ந்தால், இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ 15 விழுக்காடு மூளைக்குப் போவதால், பெயர்ந்தது அங்கே போய்ச் சேரும் வாய்ப்பும் அதற்கேற்ப இருக்கிறது. இப்படி இரத்தத்தோடு மிதந்து சென்று ஓரிடத்தில் அடைத்துக்கொள்ளும் பொருளை மருத்துவர்கள் எம்போலஸ் என்பார்கள். பலவாக இருந்தால் எம்போலி. நான் இங்கே துணுக்கு என்றே எழுதுகிறேன்.

"துணுக்குன்னா இரத்தக்கட்டிதானே?"

இரத்தக்கட்டியும் அதில் ஒன்று. ஆனால் பைபாஸில் எனக்கு அதிகம் கவலை தந்தது பெருந்தமனியின் உட்சுவரில் படிந்திருக்கும் கொழுப்பும் சுண்ணாம்பும்தான். இருதயத் தமனியை அடைத்த அதே நோய் பெருந்தமனியையும் விட்டுவைப்பதில்லை. சிலருக்கு அது பழைய தண்ணீர்க் குழாயின் உட்புறத்துக் காரைபோலக் கெட்டியாக ஒட்டியிருக்கும். சிலருக்குப் பழைய சுவரின் சுண்ணாம்புபோல, தொட்டாலே உதிரும். இடுக்கியைப் போடும்போதும், அதைவிட அதை எடுக்கும்போதும் உதிர்வது இதுதான்.

இரண்டாவது காற்று. வால்வு மாற்றும் அறுவையில் இருதயத்தின் அறைகளைத் திறப்பதால் காற்றுக் குமிழிகள் பெரிய சிக்கல். வெறும் பைபாஸில் அறைகளைத் திறப்பதில்லை என்பதால் அது குறைவு, ஆனால் முற்றிலும் இல்லை என்று சொல்ல மாட்டேன். மூன்றாவது, பலர் நினைத்தே பார்க்காதது: நெஞ்செலும்பை அறுக்கும்போது அதன் மஜ்ஜையிலிருந்து கசியும் கொழுப்பு. அது நெஞ்சுக்குழியில் தேங்கும் இரத்தத்தில் கலந்துவிடுகிறது. அந்த இரத்தத்தை உறிஞ்சி அப்படியே இயந்திரத்துக்குள் விட்டால் கொழுப்புத் துளிகளும் உடன் வரும். அதனால்தான் அதைத் தனியாகச் சேர்த்து, கழுவி, சிவப்பணுக்களை மட்டும் திருப்பித் தரும் கருவியைப் பல கூடங்களில் வைத்திருக்கிறார்கள். இரத்தக்கட்டி கடைசியாக வருகிறது. அது பெரும்பாலும் அறுவைக்குப் பிறகான கதை என்பதால் பின்னால் சொல்கிறேன்.

"எத்தனை பேருக்கு இப்படி ஆகுது? மறைக்காம சொல்லுங்க."

பைபாஸ் மட்டும் செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவருக்குப் பக்கவாதம், நம் ஊரில் எல்லாரும் சொல்லும் ஸ்ட்ரோக், வருகிறது. வால்வு அறுவையும் சேர்ந்தால் இது கூடும். வயது, ஏற்கெனவே வந்த பக்கவாதம், நீரிழிவு, சிறுநீரகக் கோளாறு, புகைபிடித்தல், கால் தமனிகளில் அடைப்பு ஆகியவை ஒவ்வொன்றும் இந்த எண்ணை மேலே தள்ளுகின்றன. மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மற்ற இனத்தாரைவிட அதிகம் என்பதால் இந்தப் பட்டியலை நம்மவர்கள் சற்றுக் கவனமாகவே படிக்க வேண்டும்.

வெளியே எந்தக் குறையும் தெரியாமல், எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் மட்டும் மூளையில் புதிய சிறு புள்ளிகளாகத் தெரியும் பாதிப்புகள் இதைவிடப் பன்மடங்கு அதிகம்.

"இருதயத்துக்கு ஆபரேஷன், எதுக்கு கழுத்துல ஸ்கேன்? காசு பிடுங்கவா?"

கழுத்தின் இரு புறமும் மூளைக்கு ஏறும் கரோட்டிட் தமனிகளில் அடைப்பு உள்ளதா என்று பார்க்கும் அல்ட்ராசவுண்ட் அது. ஊசியும் இல்லை, வலியும் இல்லை. வயதானவர்கள், முன்பு பக்கவாதமோ, வந்து சிறிது நேரத்தில் தானே தெளியும் கண நேர வாதமோ வந்தவர்கள், இருதயத்தின் இடது முதன்மைத் தமனியில் அடைப்பு உள்ளவர்கள், கால் தமனி அடைபட்டவர்கள் ஆகியோருக்கு இதைக் கேட்பது முறையானதே. 50 வயதில் வேறு நோய் எதுவுமில்லாத ஒருவருக்குக் கட்டாயம் என்று சொல்ல முடியாது.

கழுத்தில் பாதை ஏற்கெனவே குறுகியிருந்தால், அறுவையின்போது இரத்த அழுத்தம் சற்றுத் தாழ்ந்தாலும் மூளையின் அந்தப் பக்கம் வாடும். வந்து சேர்ந்த துணுக்குகளை அடித்துக்கொண்டு போகும் வேகமும் அங்கே ஓட்டத்துக்கு இராது. ஸ்கேனில் கடுமையான அடைப்பு தெரிந்தால் எதை முதலில் சரிசெய்வது என்பதை நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்வார்.

"இரத்தம் மெஷினுக்குப் போய்ட்டு வருதாமே, வழியில காத்து புகுந்துடாதா?"

இது என் வேலையைப் பற்றிய கேள்வி என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். நோயாளி கூடத்துக்குள் வருவதற்கு முன்பே குழாய்கள் முழுவதையும் கார்பன்-டை-ஆக்சைடால் ஊதி, உள்ளே இருக்கும் சாதாரணக் காற்றை விரட்டிவிடுவோம்; மிச்சம் மீதி இருந்தாலும் அந்த வாயு காற்றைவிட மிக விரைவாக இரத்தத்தில் கரைந்துவிடும். பிறகு ஒரு லிட்டருக்கு மேற்பட்ட திரவத்தை ஊற்றிச் சுழலவிட்டு, இணைப்புகளையும் ஆக்சிஜனேற்றியையும் உள்ளங்கையால் தட்டித் தட்டிக் குமிழிகளை மேலே கிளப்புவோம். விளக்கைப் பின்னால் பிடித்தால், குழாயின் முழங்கையில் ஒளிந்திருக்கும் ஒரு கடுகளவுக் குமிழிகூடப் பளபளக்கும். அது வெளியேறும்வரை தட்டிக்கொண்டே இருப்போம்.

இயந்திரம் ஓடும்போது உடலிலிருந்து வரும் இரத்தம் ஒரு தொட்டியில் சேர்கிறது. தொட்டியில் அரை லிட்டர் இருந்து, பம்பு நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தள்ளிக்கொண்டிருந்தால், வரவு நின்ற ஆறே விநாடிகளில் தொட்டி காலியாகிக் காற்று உள்ளே போகும். எனவே அளவு குறைந்தால் அலறும் உணரி ஒன்று, குமிழியைக் கண்டதும் பம்பை நிறுத்தும் உணரி மற்றொன்று, அவற்றுக்கு மேல் தொட்டியை விட்டுக் கண்ணை எடுக்காத ஒரு மனிதர். கடைசியாக, உடலுக்குத் திரும்பும் வழியில் ஒரு வடிகட்டி. அதன் கண்கள் பொதுவாக 40 மைக்ரான்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிவப்பணு ஏழெட்டு மைக்ரான்தான் என்பதால் எளிதில் கடந்துவிடும். வடிகட்டியின் கண்ணைவிடப் பெரிய குமிழிகளும் கட்டிகளும் அங்கே சிக்கிக்கொள்ளும்.

இரத்தம் குழாய்க்குள் உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுத்து, உறையும் நேரம் போதிய அளவு நீண்டிருக்கிறதா என்று திரும்பத் திரும்பச் சோதிப்போம். பல கூடங்களில் அந்த இலக்கு 480 விநாடி. 1953இல் ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன் முதன்முதலில் இந்த வகை இயந்திரத்தை வைத்து ஓர் அறுவையை வெற்றிகரமாக முடித்தார். அன்று முதல் இன்றுவரை இயந்திரத்தில் நடந்த மாற்றங்களில் பெரும்பகுதி இந்தக் குமிழிகளோடும் கட்டிகளோடும் நடந்த சண்டைதான். இரத்தத்துக்குள் நேரடியாக ஆக்சிஜனைக் குமிழவிட்ட பழைய ஆக்சிஜனேற்றிகள் போய், சவ்வுக்கு அப்பாலிருந்து வாயுவைக் கடத்தும் இன்றைய வகை வந்தது மிகப் பெரிய முன்னேற்றம்.

"அப்போ அந்த வடிகட்டியே எல்லாத்தையும் பிடிச்சிடுமே?"

இயந்திரத்திலிருந்து வருவதைத்தான் அது பிடிக்கும். பெருந்தமனியின் சுவரிலிருந்து உதிர்வது வடிகட்டியைத் தாண்டிய பிறகு உதிர்கிறது. அதைப் பிடிக்க என் இயந்திரத்தில் எதுவும் இல்லை. "நல்ல மெஷின் இருக்கா?" என்று கேட்ட குடும்பங்கள் எத்தனையோ, "பெருந்தமனியை எப்படிக் கையாளப் போகிறீர்கள்?" என்று மருத்துவரிடம் கேட்ட குடும்பத்தை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன். என் அனுபவத்தில் இரண்டாவதுதான் சரியான கேள்வி.

"பெருந்தமனி நல்லா இருக்கான்னு டாக்டருக்கு எப்படித் தெரியும்? கையால தொட்டுப் பார்த்தா போதாதா?"

விரலால் அழுத்திப் பார்ப்பது பழைய முறை. சுண்ணாம்பு கெட்டித்த இடம் விரலுக்குத் தெரியும். உள்ளே மெத்தென்று ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்புக் கட்டி பல வேளை தெரியாது, உதிர்வதில் அதுவே மோசமானது. உணவுக்குழாய் வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட் படமான எக்கோவிலும் ஒரு குறை இருக்கிறது: குழாய் செருகும் பகுதிக்கும் உணவுக்குழாய்க்கும் இடையே காற்று நிரம்பிய மூச்சுக்குழாய் குறுக்கே நிற்பதால், நாம் பார்க்க விரும்பும் இடமே மறைந்துவிடுகிறது.

நெஞ்சைத் திறந்தபின், கிருமி நீக்கிய உறைக்குள் அல்ட்ராசவுண்ட் கருவியை இட்டு, நெஞ்சுக்குழியில் சிறிது உப்புநீர் ஊற்றி, பெருந்தமனியின் மேலேயே அதை வைத்துப் பார்ப்பதுதான் தெளிவான வழி. எபியோர்ட்டிக் ஸ்கேன் என்பார்கள். சில நிமிட வேலைதான். திரையில் வட்டமாகத் தெரியும் தமனியின் உள்விளிம்பு வழுவழுப்பாக இருந்தால் அனைவருக்கும் நிம்மதி. ஓரிடத்தில் புடைத்திருந்தால், அதிலும் அந்தப் புடைப்பின் நுனி இரத்த ஓட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தால், அந்த இடத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

"மோசமா இருந்துச்சுன்னா ஆபரேஷனையே நிறுத்திடுவாங்களா?"

பெரும்பாலும் திட்டத்தை மாற்றுவார்கள். குழாய் செருகும் இடத்தை நகர்த்தலாம். தேவைப்பட்டால் தோள்பட்டைக்கு அருகிலுள்ள தமனியில் செருகலாம். இடுக்கியை ஒரே முறை மட்டும் போட்டு, எல்லாத் தையலையும் அந்த ஒரே இடைவேளையில் முடிக்கலாம். முன்பு வழக்கமாயிருந்ததுபோல மேல்முனைத் தையலுக்காக இரண்டாவதாகப் பக்கவாட்டு இடுக்கி போடுவதை இதனால் தவிர்க்க முடிகிறது.

சுவர் முழுவதும் பீங்கான்போல் இறுகியிருந்தால் பெருந்தமனியைத் தொடாமலே செய்யும் முறை உண்டு. மார்பின் உட்சுவரில் ஓடும் இரண்டு தமனிகளையும் எடுத்து, ஒன்றை மற்றொன்றோடு ஒய் எழுத்தைப்போல இணைத்து, அங்கிருந்தே எல்லாக் கிளைகளுக்கும் இரத்தம் கொடுப்பார்கள். கைத்தேர்ச்சி மிகுதியாகத் தேவைப்படும் வேலை. எல்லா மருத்துவரும் இதை வாடிக்கையாகச் செய்வதில்லை.

"மெஷினே இல்லாம துடிக்கிற இருதயத்துலயே பண்றாங்களாமே. அதுதானே மூளைக்கு நல்லது?"

அப்படித்தான் நாங்களும் ஒரு காலத்தில் எதிர்பார்த்தோம். என் வேலை போய்விடும் என்று நண்பர்கள் கேலிகூடச் செய்தார்கள். ஆனால் 2009இல் வெளிவந்த ரூபி, 2012இல் வெளிவந்த கொரனரி முதலிய பெரிய ஆய்வுகளில், இயந்திரத்தோடு செய்தவர்களுக்கும் இல்லாமல் செய்தவர்களுக்கும் முப்பது நாளுக்குள் வந்த பக்கவாதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இயந்திரம் இல்லாவிட்டாலும், சிரையின் மேல்முனையைத் தைக்கப் பக்கவாட்டு இடுக்கி போட்டால் பெருந்தமனி நசுங்கத்தான் செய்கிறது. இயந்திரமும் இல்லாமல் பெருந்தமனியையும் தொடாமல் செய்தவர்களைத் தனியே பிரித்து ஒப்பிட்ட பகுப்பாய்வுகளில் பக்கவாதம் கணிசமாகக் குறைந்திருந்தது. ஆகவே "ஆஃப்-பம்பா?", அதாவது இயந்திரம் இல்லாமலா, என்று மட்டும் கேட்டு நிறுத்திவிட வேண்டாம்.

"உடம்பை ஐஸ் மாதிரி குளிர வச்சிடுவாங்களாமே, எதுக்கு?"

ஐஸ் அளவுக்கு இல்லை. சாதாரண பைபாஸுக்குப் பெரும்பாலும் 32 முதல் 34 டிகிரிவரை. வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் மூளையின் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ 6 அல்லது 7 விழுக்காடு குறைகிறது. அடைப்பு ஏற்பட்டாலும் கொஞ்சம் தாக்குப்பிடிக்க அது அவகாசம் தருகிறது.

ஆபத்து குளிரவைப்பதைவிடத் திரும்பச் சூடாக்குவதில் இருக்கிறது. குளிர்ந்த இரத்தத்தைச் சட்டென்று சூடாக்கினால், வெயிலில் வைத்த சோடா புட்டிபோல, கரைந்திருந்த வாயு குமிழியாகக் கிளம்பும். அதோடு, மூளைக்குப் போகும் இரத்தம் 37 டிகிரியைத் தாண்டினால், காயப்பட்ட மூளைக்கு அது இன்னொரு அடி. "இன்னும் சூடாகலையா?" என்று மருத்துவர் அவசரப்படுத்தினாலும் பெர்ஃபியூஷனிஸ்ட் அவசரப்படக் கூடாத இடம் இது.

"அப்பா நெத்தியில ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாங்க. அது என்ன?"

மூளையின் முன்பகுதியில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று ஒளியைக் கொண்டு அளக்கும் உணரிகள். ஒரு பக்கம் திடீரென்று இறங்கினால் குழாய் இடம் மாறியிருக்கிறதா, அழுத்தம் குறைந்திருக்கிறதா என்று உடனே தேடுவோம். சிறு துணுக்குகளை அது காட்டாது.

"மூளைக்குப் போற வழியில வலை வைக்கிற கருவி இருக்காமே. எங்களுக்கும் வைக்கச் சொல்லலாமா?"

கேட்கும்போது கவர்ச்சியாக இருக்கும் யோசனை. காலின் வழியாக வால்வு பொருத்தும் டாவி சிகிச்சையில் இத்தகைய வலை பயன்பட்டு வருகிறது. எடுத்துப் பார்த்தால் பலருடைய வலையிலும் துணுக்குகள் சிக்கியிருக்கும். ஆனால் 3,000 பேரைக் கொண்டு 2022இல் வெளியான ஆய்வில் பக்கவாதம் வலையோடு 2.3, வலையில்லாமல் 2.9 விழுக்காடு, அது தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவு வேறுபாடுதான். 2025இல் 7,600க்கும் மேற்பட்டோரை வைத்து வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் அந்த வேறுபாடும் காணோம்.

திறந்த அறுவையில் பெருந்தமனிக்குள் விரியும் வடிகட்டியையும், துணுக்குகளை உறிஞ்சும் குழாயையும் பரிசோதித்திருக்கிறார்கள். அங்கும் துணுக்குகள் பிடிபட்டன, பக்கவாதம் தெளிவாகக் குறையவில்லை. பைபாஸுக்கு இதை வற்புறுத்திக் கேட்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

"பேசாம ஸ்டென்ட் வச்சுக்கிட்டா இந்தத் தொல்லையே இல்லையே?"

ஸ்டென்ட் என்பது நெஞ்சைத் திறக்காமல், அடைபட்ட தமனிக்குள் வைத்து அதை விரித்துப் பிடிக்கும் சிறு வலைக்குழாய். பக்கவாதத்தை மட்டும் பார்த்தால் அதற்கு ஆதாயம் உண்டு. ஆனால் பல தமனிகளில் அடைப்பும் நீரிழிவும் உள்ளவர்களை வைத்து 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வைப் பாருங்கள்: ஐந்து ஆண்டுகளில் பக்கவாதம் பைபாஸில் 5.2 விழுக்காடு, ஸ்டென்ட்டில் 2.4, இறப்போ பைபாஸில் 10.9, ஸ்டென்ட்டில் 16.3. வாதத்துக்குப் பயந்து பைபாஸை வேண்டாம் என்பவர் இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

"நல்லா எழுந்து பேசிக்கிட்டு இருந்தாரு, மூணாவது நாள்தான் ஸ்ட்ரோக். அப்போ ஆபரேஷனால இல்லையா?"

பைபாஸுக்குப் பின் வரும் பக்கவாதங்களில் ஏறத்தாழ பாதி, நோயாளி நன்றாகக் கண்விழித்த பிறகே வருகின்றன. அறுவைக்குப் பின் மூன்றில் ஒருவருக்கு அருகில், பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு வருகிறது. அப்போது இடது மேலறையின் மூலையில் உள்ள சிறு பை சுருங்காமல் துடிதுடிக்க, அதில் தேங்கும் இரத்தம் உறைந்து கட்டியாகும். முன்பு பின்னால் சொல்கிறேன் என்ற இரத்தக்கட்டி இதுதான். இருதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா-பிளாக்கர் மாத்திரையை விடாமல் கொடுப்பதும், பொட்டாசியம் குறையாமல் பார்த்துக்கொள்வதும், துடிப்பு மாறியதும் தாதியிடம் சொல்வதும் இதற்காகத்தான்.

ஏற்கெனவே இந்தத் துடிப்புக் கோளாறு உள்ளவர் என்றால், அறுவையின்போதே அந்தப் பையை மூடிவிட முடியுமா என்று கேளுங்கள். 2021இல் வெளியான ஆய்வில், மூடியவர்களில் 4.8 விழுக்காட்டினருக்கும் மூடாதவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் பக்கவாதமோ வேறிடத்து அடைப்போ வந்தது.

"இரத்தம் இளக்குற மாத்திரையை நாங்களே நிறுத்திடலாமா?"

கூடாது. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். குளோபிடோக்ரெலைச் சுமார் ஐந்து நாளுக்கு முன் நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டென்ட் உள்ளவருக்குக் கணக்கு வேறு. தைப்பூச விரதத்தில் எல்லா மாத்திரையையும் ஓரங்கட்டிவிட்டு, தண்ணீர்மலையில் காவடி இறக்கிய கையோடு அறுவைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி நடந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். மயக்க மருத்துவர் திட்டமாட்டார், திட்டத்தை மாற்றிக்கொள்வார்.

"அம்மாவுக்கு எங்களையே தெரியல, சுவத்துல பூச்சி ஓடுதுங்கிறாங்க. ஸ்ட்ரோக்கா?"

கை கால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அசைந்து, குழப்பம் ஒரு நேரம் கூடியும் ஒரு நேரம் குறைந்தும் இருந்தால் அது பெரும்பாலும் டெலிரியம் என்ற தற்காலிகக் குழப்பம். வயதானவர்களுக்கு மிகச் சாதாரணமாக வரும். சில நாளில் தெளியும். மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் கொண்டுவந்து கொடுங்கள், பழகிய குரலில் தமிழிலேயே பேசுங்கள், பகலில் திரையைத் திறந்து வையுங்கள். அது வாதம் அல்ல என்று உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவரே. நீங்களாக முடிவு கட்டிக் காத்திருக்க வேண்டாம்.

"பைபாஸ் பண்ணா ஞாபக மறதி வந்துடும்னு சொல்றாங்களே?"

2001இல் வெளியான ஓர் ஆய்வு, வீடு திரும்பும்போது 53 விழுக்காட்டினருக்கும், ஆறு மாதத்தில் 24 விழுக்காட்டினருக்கும், ஐந்து ஆண்டில் 42 விழுக்காட்டினருக்கும் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் குறைந்திருந்ததாகக் கூறியது. அச்சம் பரவியது அங்கிருந்துதான். ஆனால் அதில் அறுவை செய்துகொள்ளாத நோயாளிகளோடு ஒப்பீடு இல்லை. பிறகு அவ்வாறு ஒப்பிட்டபோது, நெடுங்காலச் சரிவு இருதயத் தமனி நோய் உள்ள எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தது. முதல் சில வாரங்களின் மந்தம் உண்மை. ஆண்டுக்கணக்கில் தேய்வதற்கு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

"ஆபரேஷன் முடிஞ்ச கையோட வாதம் வந்தா, கட்டியைக் கரைக்கிற ஊசி போட முடியுமா?"

நெஞ்சைத் திறந்து சில நாளே ஆனவருக்கு அந்த ஊசி பொதுவாகப் போடப்படுவதில்லை. தையல்களிலிருந்து கட்டுக்கடங்காமல் இரத்தம் கசியும். ஆனால் மூளையின் பெரிய தமனி ஒன்றில் கட்டி அடைத்திருந்தால், தொடையின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி அதை இழுத்தெடுக்க முடியும். தகுந்தவர்களுக்கு 24 மணி நேரம் வரைகூட இதற்கு இடமுண்டு, சீக்கிரம் செய்தால் பலன் கூடுதல். சுண்ணாம்புத் துணுக்கு இரத்தக்கட்டியைப்போல எளிதில் வந்துவிடாது என்பதையும் மருத்துவர் கணக்கில் கொள்வார்.

ஆகையால் வார்டில் இருந்தாலும் வீட்டில் இருந்தாலும் வாய் கோணுவது, ஒரு கை தொங்குவது, பேச்சு குழறுவது ஆகியவற்றில் எதைக் கண்டாலும், கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்த மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். வார்டில் என்றால் உடனே தாதியை அழையுங்கள். வீட்டில் என்றால் 999. மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்கப்போவது அந்த மணியைத்தான்.